சிவப்பு நாற்காலி, நீலக் கிண்ணம்

கோலகங்சார் ஆற்றங்கரையில் பெயா அக்கா என்கிற கக் பெயா, லக்சா நூடுல்ஸுக்கு ஊற்றுகிற மீன் குழம்பின் மூடியைத் திறந்தால் பேராக் ஆற்று மீன்களெல்லாம் கரையேறி வரிசையில் நிற்கும் என்று பஹாருடின் சொல்லுவார். அடுத்த குழம்புக்குள் போகப்போவது தாங்கள்தான் என்பது அந்த மீன்களுக்குத் தோன்றாதாம், அவ்வளவு மயக்கம். பஹாருடினுக்கும் இருபத்திரண்டு வருஷமாக அதே மயக்கம்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடை வரிசையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். சிவப்பு நாற்காலியில் உட்காருவார். வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம், முதல் கிண்ணம் வந்துவிடும். அது முடிவதற்குள் இரண்டாவது. கிளம்பும்போது மனைவி யாத்திக்கு ஒரு பொட்டலம். தண்ணீர் இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் மீட்டர் பார்த்த மனிதர். ஊரில் எந்த வீட்டு நாய்க்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது வரைக்கும் அத்துப்படி. அந்த நாய்களெல்லாம் கிழடாகிச் செத்து, பேரப்பிள்ளை நாய்கள் வந்து கடிக்க ஆரம்பித்த பிறகுதான் பஹாருடின் ஓய்வு பெற்றார்.

அதே மாதம் யாத்தியும் ஓய்வு பெற்றாள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் இருபத்தாறு வருஷம் அவள் கிளறிய மீ கோரேங்கை ஒரே இழையாக நீட்டி வைத்தால் ஈப்போவுக்குப் போய்த் திரும்பி வரலாம், மிச்சமிருப்பதில் ஒரு கொடிக்கயிறும் கட்டலாம். வேலையை விட்ட மறுநாள் காலை பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுத உட்கார்ந்தாள். பசியாறும் நேரம் தாண்டியும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

“அபாங், இங்க பாருங்க. ஊர்ல உள்ள சாப்பாட்டுக்கடை அத்தனையும் எழுதிட்டேன். நாப்பத்தொண்ணு. வாரத்துக்கு ஒண்ணு. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஜோடியாப் போறோம். யாரோ கிளறட்டும், யாரோ கொண்டாந்து வைக்கட்டும். நான் காலை ஆட்டிக்கிட்டுச் சாப்பிடப் போறேன்.”

“நல்ல விசயந்தான். ஆனா நமக்குத்தான் கக் பெயா கடை இருக்கே?”

“இருக்கு. நாப்பத்தொண்ணாவதா எழுதியிருக்கேன்.”

அப்படித் தொடங்கியது ஊர்வலம். முதல் வாரம் ரொட்டி சானாய். அடுத்த வாரம் நாசி லெமாக். அதற்கடுத்து மீ ரெபுஸ். யாத்தி ஒரு வாய் வைப்பாள், கண்ணை மூடுவாள், கடைக்காரர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கரண்டியோடு நிற்பார். “சம்பால்ல வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கணும்” என்று சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். பஹாருடின் பக்கத்தில் தெரியாத வீட்டுச் சாவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, “டயருக்குக் காத்து அடிச்சிட்டு வந்துர்றேன்” என்று கிளம்பி நேரே சிவப்பு நாற்காலி. வாரத்துக்கு ஒரு தடவை காற்று கேட்ட அந்த மோட்டார் நான்கு மாதத்தில் பலூனாகிப் பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை, ஊதியது பஹாருடினின் வயிறு மட்டும்தான்.

இருபதாவது வாரத்தில் வந்தது வினை. பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே யாத்தி எழுதியிருந்தது: பாக் சூ ரெஜாப் லக்சா.

ரெஜாப் கெடா மாநிலத்துக்காரர். ஐந்து மாதத்துக்கு முன்னால் வந்து, ஊரில் இத்தனை இடம் இருக்க, கக் பெயா கடைக்கு ஒரு கை தள்ளிக் கடை போட்டார். அவருக்கு நீல நாற்காலி, நீலக் கிண்ணம். கக் பெயாவுக்குச் சிவப்பு நாற்காலி, சிவப்புக் கிண்ணம். அந்த வரிசையில் எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. எந்த நிறத்தில் உட்காருகிறாயோ அந்த நிறத்தில்தான் சாப்பிட வேண்டும். பின்பக்கமும் வாயும் ஒரே கட்சியில் இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பதினான்கு வருஷ வாடிக்கை, ஒரு நாள் சும்மா நீலத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுவாரம் சிவப்புக்குத் திரும்பி வந்தபோது கக் பெயா அவரிடம் பெயர் கேட்டார். அப்பா பெயர் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். கடைசிவரை லக்சா மட்டும் வரவில்லை.

அந்தக் கக் பெயாவின் ஒரே மகள் நாதிராவைத்தான் பஹாருடினின் ஒரே மகன் ஷுக்ரிக்குப் பேசியிருந்தார்கள். பெண் கேட்டுப் போனது முடிந்து, மோதிரமும் கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு வாரத்தில் நிச்சயதார்த்தம். இங்கிருந்து ஐந்து சீர்த்தட்டு போகும், அங்கிருந்து ஏழு வரும். ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஷுக்ரி தினமும் போன் போட்டு, “அப்பா, அந்த அம்மாகிட்ட மட்டும் ஒரு வம்பும் வேணாம்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பஹாருடின் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து மாறவில்லை.

“யாத்தி, இருபத விட்டுட்டு இருபத்தொண்ணுக்குப் போயிரலாமா?”

“நீங்க மீட்டர் பாக்கறப்ப ஒரு வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போனீங்களா?”

“நாய் இருந்தாப் போவேன்.”

“அங்க நாய் இல்ல.”

“நாய் இருந்தாக்கூடப் பரவால்ல. கக் பெயா இருக்காங்களே!”

“அதுக்காக?”

“ரெண்டே வாரம் பொறு. நிச்சயம் முடியட்டும்.”

“முடிஞ்சா அவங்க சம்பந்தி. சம்பந்தி கண்ணு முன்னால நான் நீல நாற்காலியில உட்கார முடியுமா? சாகற வரைக்கும் முடியாது. இந்தச் சனிக்கிழமை விட்டா எனக்கு நாளே இல்ல அபாங்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மூன்று நாள் யோசித்தார். தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கக்கூட அத்தனை யோசித்ததில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது முகத்தில் ஒரு ஒளி.

“சனிக்கிழமை கூட்டத்துல சிவப்பு மேசையும் நீல மேசையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். நான் இந்தப் பக்கம் சிவப்புல உட்கார்றேன். நீ எதிர்த்தாப்ல நீலத்துல. நான் அவங்க கிண்ணம், நீ இவர் கிண்ணம். சட்டத்துக்குச் சட்டம், ஜோடிக்கு ஜோடி. எப்படி?”

“இந்த மூளைய வச்சிக்கிட்டு ஏன் அபாங் மீட்டர் பாத்தீங்க?” என்றாள் யாத்தி. அது பாராட்டா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை ஆற்றின் மேல் மூட்டம் கலையவில்லை. வானம் கழுவாத சட்டி மாதிரி இருந்தது. கக் பெயா இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, மாவை உருட்டித் தட்டி, ஒரே சீராக நறுக்கி வெந்நீரில் உதிர்த்துக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் விழுகிற சத்தத்துக்கு எதிர்க்கரையில் கோழிகள் நடந்தன. அந்தப் பக்கம் ரெஜாப் கானாங்கெளுத்தியை முள் நீக்கிக் குழம்பில் கரைத்தபடி யாரையும் பார்க்காமல் தனக்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தார். கக் பெயா பக்கம் நிமிர்ந்து பார்த்தால் கண் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“பஹார்! இன்னிக்கு ஜோடியாவா?”

“ஆமா கக்.”

“யாத்தி ஏன் அந்தப் பக்கம் உட்கார்றா?”

“முதுகுல வெயில் படணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“வெயிலே இல்லியே.”

“வரும் கக்.”

கக் பெயா வானத்தைப் பார்த்தார், பஹாருடினைப் பார்த்தார், கூட்டம் அழைத்தது, போய்விட்டார். சிவப்புக் கிண்ணம் இங்கே வந்தது. நீலக் கிண்ணம் அங்கே வந்தது. யாத்தி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவேயில்லை. பஹாருடினுக்குப் பதற்றமாகிவிட்டது.

“யாத்தி? முள்ளா?”

“பேசாதீங்க.”

“என்னாச்சு?”

“வாய்க்குள்ள ஒருத்தன் நல்லாப் பேசிக்கிட்டிருக்கான். கேக்க விடுங்க.” அப்புறம் கண்ணைத் திறந்து, கிண்ணத்தை மேசை எல்லைக்கு இந்தப் பக்கம் தள்ளினாள். “ஒரே வாய் அபாங்.”

“வேணாம்.”

“முப்பத்தோரு வருஷத்துல உங்ககிட்ட நான் என்ன கேட்டேன்?”

“அந்தப் பட்டியல் நாப்பத்தொண்ணு இருக்கு.”

“ஒரு வாய்.”

ஒரு வாய்தான். அந்த ஒரு வாய்க்குத் துணையாக இன்னொரு வாய். புளி புளித்தது, மிளகாய் அதைத் தட்டிக் கேட்டது, மீன் நடுவில் வந்து இருவரையும் சமாதானப்படுத்தியது. பஹாருடினுக்குக் காது இரண்டும் சூடாகி, ஓய்வு பெற்ற வயசு கழன்று விழுந்து, மோட்டார் லைசென்ஸ் எடுத்த வயசுக்குப் போய்விட்டார். கிண்ணத்தைத் தூக்கி அடிமண்டியை உறிஞ்சிவிட்டு இறக்கியபோது எதிரே யாத்தி தெரியவில்லை. நடுவில் ஒரு துண்டும் இடுப்பும் தெரிந்தன. சொட்டுகிற கரண்டி தெரிந்தது.

“பஹார்.”

“கக்.”

“எதுல உட்கார்ந்திருக்கே?”

“நாற்காலியில.”

“என்ன நெறம்?”

பஹாருடின் எழுந்து திரும்பிப் பார்த்தார். “சிவப்பு.”

“கையில?”

“வெளிச்சத்துல நீலமாத் தெரியுது கக்.”

வரிசை முழுக்க அடங்கிவிட்டது. பேராக் ஆறே ஒரு நிமிஷம் ஓடாமல் நின்று கேட்டதாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

“அவன் நாற்காலியில உட்கார்ந்து அவன் கிண்ணத்துல தின்னிருந்தா, போனாப் போறான்னு மூஞ்சியத் திருப்பிக்குவேன். என் நாற்காலியில உட்கார்ந்து அவன் கிண்ணத்த நக்குறியே! என் வீட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டு அடுத்த வீட்டுப் போர்வையப் போத்தறவனா நீ?”

“கக்,” என்று ரெஜாப் மெல்லக் கை நீட்டினார், “அந்தக் கிண்ணத்தக் குடுத்துட்டா நான் பாட்டுக்குக் கழுவிட்டு…”

“நீ சும்மா இரு!” கரண்டி அவர் பக்கம் திரும்பியது. ரெஜாப் குழம்புப் பானைக்குப் பின்னால் மறைந்தார். கரண்டி மறுபடி பஹாருடினிடம் வந்தது. “ரெண்டு வாரத்துல தட்டு மாத்தணும். அதுக்குள்ள கிண்ணம் மாத்திட்டே. இருபத்திரண்டு வருஷம் ஊத்துன எனக்கே இதுன்னா, நாளைக்கு வரப்போற என் மகளுக்கு உன் மகன் என்ன செய்வான்? அவனும் இந்த வயித்துக்குப் பொறந்தவன்தானே? அந்த மோதிரத்தத் திருப்பி அனுப்பிரட்டுமா?”

பஹாருடினுக்கு ஷுக்ரியின் முகம் கண் முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது.

யாத்தி எழுந்தாள். “அவர விடுங்க கக். நான்தான் குடுத்தேன்.”

“ஏன் குடுத்தே?”

“நல்லா இருந்துச்சு.”

“அப்ப என்னோடது?”

பஹாருடின் மேசைக்கடியில் அவள் காலை ஓங்கி மிதித்தார். அது மேசைக்கால். கிண்ணங்கள் குதித்தன. யாத்தி அசையவில்லை.

“உப்பு கூட.”

“எப்பலேர்ந்து?”

“இருபத்திரண்டு வருஷமா. இவர் கொண்டாந்து குடுக்கற பொட்டலத்துல ஒரு கோப்பை சுடுதண்ணி ஊத்தித்தான் சாப்பிடுவேன். மீனு அருமையான மீனு கக். புளியும் சரி. நீங்க விடியறதுக்கு முன்னால உப்புப் போட்டுர்றீங்க. கொழம்பு கொதிச்சு கொதிச்சு வத்துது, உப்பு வத்துமா? நானூறு பிள்ளைங்களுக்குக் கிளறுனவ சொல்றேன். கடைசியில போடணும்.”

பஹாருடின் வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் சுடுதண்ணீர்! அந்த வீட்டு மீட்டரில் அது ஓடியிருக்கும், அவர்தான் கவனிக்கவில்லை.

கக் பெயா வரிசையாகத் தன் சிவப்பு நாற்காலிக்காரர்களைப் பார்த்தார். “உப்பு கூடயா?”

எல்லாத் தலைகளும் கிண்ணத்துக்குள் போயின. கடைசியில் ஒரு கிண்ணத்துக்குள்ளிருந்து, “கொஞ்சம்” என்றது ஒரு குரல். “ரொம்ப இல்ல, கொஞ்சந்தான்” என்றது இன்னொன்று.

“அப்ப ஏன்டா ஒருத்தனும் சொல்லல?”

அதற்குப் பதில் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை, அதுவே பதில். கக் பெயா திரும்பிப் போய்ப் பானையை மூடினார். அடுப்பை அணைத்தார். மணி எட்டரை. ஆற்றில் வெள்ளம் வந்து முழங்கால் அளவு தண்ணீரில் நின்று விற்றபோதும் எட்டரைக்கு அணையாத அடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷுக்ரி போன் போட்டான்.

“அப்பா, என்ன செஞ்சீங்க? நாதிரா போனை எடுக்கவே மாட்டேங்குறா.”

“உப்பு…”

“என்ன உப்பு?”

“உங்கம்மாவக் கேளு.”

யாத்தி போனை வாங்கவில்லை. அன்று வீட்டில் பொரித்த வாழைப்பழம் தட்டில் ஆறிக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தட்டில் ஒன்று மிச்சமிருந்து பஹாருடின் பார்த்ததில்லை.

“வாய அடக்கியிருக்கலாம் அபாங். பிள்ள வாழ்க்கையில உப்ப அள்ளிப் போட்டுட்டேன்.”

“நானாவது கிண்ணத்தக் கீழ வச்சிருக்கலாம்.”

“நீங்க எங்க வச்சீங்க! இன்னும் கொஞ்சம் விட்டா சாயத்தையும் நக்கியிருப்பீங்க.” சிரிப்பு வந்தது அவளுக்கு, பாதியில் அது அழுகையாகத் திரும்பிவிட்டது. பஹாருடின் வாழைப்பழத்தை எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

திங்கட்கிழமை கக் பெயா கடைக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு கார் நின்றது. கக் பெயா இறங்கினார். கையில் மோதிரப் பெட்டி இருக்கிறதா என்று பஹாருடின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையில் இருந்தது பானை.

வந்தார். உட்கார்ந்தார். சலாம் சொன்னதோடு சரி, வேறு பேச்சில்லை. கிண்ணத்தில் ஊற்றி யாத்தி முன்னால் நகர்த்தினார். யாத்தி ஒரு கரண்டி எடுத்தாள். கண்ணை மூடினாள். பஹாருடின் தனக்குத் தெரிந்த துவா எல்லாம் ஓதி முடித்து, பயணத்துக்கு ஓதுகிற துவாவையும் சேர்த்து ஓதினார்.

“சொல்லு” என்றார் கக் பெயா.

“சரியா இருக்கு கக்.”

“சம்பந்தத்துக்காகப் பொய் சொல்றியா?”

யாத்தி இன்னொரு கரண்டி எடுத்தாள். பஹாருடின் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார், பொய்யென்றாலும் பரவாயில்லை, விடாதே என்று. அவள் அவர் பக்கமே பார்க்கவில்லை.

“புளி இன்னும் ஒரு கை போடலாம்.”

கக் பெயா கரண்டியைப் பானைக்குள் போட்டார். “ம். அப்ப உப்பு சரிதான்” என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாதிரா ரெண்டு நாளா என்கூடப் பேசல. உப்பு கூடன்னு அவளுக்கும் தெரியுமாம். பெத்த மகளுக்கே சொல்லப் பயம். உங்கிட்ட மட்டுந்தான் பயம் இல்ல. நீ சம்பந்தியா வந்தாத்தான் எனக்குப் பொழப்பு. ஏழு தட்டு வரும். ஆனா ஒண்ணு. சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ கடைக்கு வந்து ருசி பாத்துச் சொல்லணும். அப்புறந்தான் மூடியத் தொறப்பேன்.”

“சனிக்கிழமை எனக்குப் பட்டியல் இருக்கே கக்.”

பஹாருடின் பயணத் துவாவை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

“பட்டியலத் திங்கக்கெழமைக்கு மாத்து.”

“மாத்தறேன். ஆனா நீங்களும் கூட வரணும்.”

“நானா? அடுத்தவன் கடையிலயா? நான் கக் பெயா!”

“கடைசியா எப்ப வெளிய உட்கார்ந்து சாப்பிட்டீங்க?”

கக் பெயா விரல் மடக்கி எண்ணினார். இரண்டு கை முடிந்து மறுபடி முதல் கைக்கு வந்து, எண்ணுவதை விட்டுவிட்டார். “எம் புருசன் இருந்தப்ப. தைப்பிங்ல. மழை பேஞ்சிச்சு” என்றார். பிறகு கேட்டது குசுகுசுப்பாக, “தூரமா இருக்கற கடையா ஏதாச்சும் இருக்கா, யாத்தி?”

நிச்சயம் நடந்தது. ஐந்து போய் ஏழு வந்தது. ஷுக்ரி மூச்சு விட்டான். அதற்கு மறுநாள் திங்கட்கிழமை. கக் பெயாவின் காரைப் பஹாருடின் ஓட்ட, சம்பந்திகள் இருவரும் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் படித்துக்கொண்டு தைப்பிங் போனார்கள். முன்னால் தனியாக இருந்தவருக்கு வாடகைக்கார் ஓட்டுகிற நினைப்பு. மாத்தாங் போகிற சாலையில் ஒரு லக்சாக் கடை. கக் பெயா முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, மகளின் பூப்போட்ட முக்காட்டைப் போட்டிருந்தார். கடைக்காரர் பெரிய இடத்து அம்மா யாரோ என்று மேசையை இரண்டு தடவை துடைத்தார்.

முதல் கரண்டிக்கு, “மீனு நேத்து மீனு” என்று கக் பெயா முகக்கவசத்துக்குள் முனகினார். இரண்டாவது கரண்டிக்கு, “ஆனா பரவால்ல.” ஐந்தாவதில் முகக்கவசம் தாடைக்கு இறங்கி, கறுப்புக் கண்ணாடி குழம்பு ஆவியில் மங்கியது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தவர், அப்படியே உறைந்துபோனார்.

“பஹார். மூலையில. திரும்பாதே.”

பஹாருடின் திரும்பினார். மூலை மேசையில் ஹாஜி மூசா. கோலகங்சார்க்காரர், பதினெட்டு வருஷமாகச் சிவப்பு நாற்காலி. மூட்டுவலி, வீட்டைத் தாண்டி உங்கள் கடைக்கு மட்டும்தான் நடக்க முடிகிறது என்று கக் பெயாவிடம் வாராவாரம் சொல்லுகிற மனிதர். முன்னால் இரண்டு காலிக் கிண்ணம், மூன்றாவதில் பாதி.

“போயி நாலு வார்த்த கேளுங்க கக்” என்றாள் யாத்தி.

“எப்படிக் கேக்கறது? எந்திரிச்சா நானும் இங்க இருக்கேன்னு ஆயிருமே!” கக் பெயா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, உணவுப் பட்டியல் அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அட்டை நடுங்கியது. அதே நேரம் மூலையில் ஒரு செய்தித்தாள் விரிந்து உயர்ந்தது, தலைகீழாக. அதுவும் நடுங்கியது.

ஒரு கால் மணி நேரம் அட்டையும் கீழே வரவில்லை, செய்தித்தாளும் கீழே வரவில்லை. நடுவில் பஹாருடின் ஒருவர்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். தன்னுடையது முடிந்ததும் கக் பெயாவின் கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தடுக்க அவருக்குக் கை ஏது. கடைக்காரர் மூலை மேசைக்குப் போய் என்னவோ குனிந்து கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

“பஹார்,” அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, “அந்தாளு போயிட்டானா, கேளு.”

பஹாருடின் கேட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“அவரும் அதத்தான் கேக்கச் சொல்றாருங்க. அந்தம்மா போயிட்டாங்களான்னு.”